வீட்டுச் சாணை: எந்தக் கத்திக்கு ஆகும், எதற்கு ஆகாது

கத்தி மழுங்கியதை முதலில் காட்டிக்கொடுப்பது தக்காளிதான். வெங்காயம் கொஞ்சம் பொறுத்துப்போகும். கத்திரிக்காயை அழுத்தி நறுக்கிவிடலாம். தக்காளித் தோலில் கத்தி வழுக்கி, பழம் நசுங்கிச் சாறு பலகையில் ஓடும்போதுதான் “சாணை பிடிக்கணும்” என்ற நினைப்பே வரும்.

காஞ்சிபுரம்–உத்திரமேரூர் சாலையில் உள்ள திருப்புலிவனம் போன்ற ஊரில் இதற்கு வழக்கமாக மூன்று வழி. சைக்கிளில் சாணை பிடிப்பவர் தெருவுக்கு வரும்வரை காத்திருக்கலாம். உத்திரமேரூருக்குப் போகிற நாளில் கத்தியைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். அவசரத்துக்கு வாசற்படிக் கருங்கல்லில் தண்ணீர் தெளித்து நாலு தேய்ப்புத் தேய்க்கலாம். இப்போது நாலாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. பாத்திரக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கைச்சாணை அது. பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி, கத்தியைச் செருகி இழுக்க இரண்டு மூன்று பிளவு, அவ்வளவுதான். மின்சாரம் வேண்டாம், சுற்றும் மோட்டார் கிடையாது. “எல்லாத்துக்கும் ஆகும்” என்று சொல்லித்தான் கடையில் விற்பார்கள். எல்லாவற்றுக்கும் ஆகாது. ஆகிற கத்திக்கு அளவாகப் பயன்படுத்தினால் நல்ல கருவி.

மழுங்குவது மூன்று விதம்

கத்தியின் கூர் என்பது இரண்டு சரிவுகள் சந்திக்கும் கோடு. நன்றாகத் தீட்டிய கத்தியில் அந்தக் கோட்டின் அகலம் ஏறக்குறைய 1 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். கை கொடுக்கிற பலம் முழுவதும் அந்த மெல்லிய கோட்டில் குவிவதால்தான் தோல் பிளக்கிறது. கோடு 10 மைக்ரானாகப் பரந்துவிட்டால் அதே பலம் பத்து மடங்கு இடத்தில் பரவும். பழைய வெட்டு வர வேண்டுமென்றால் இன்னும் அழுத்த வேண்டும். அழுத்துகிற வேகத்தில் கத்தி வழுக்கினால் விரலில்தான் போய் நிற்கும். மொக்கைக் கத்திதான் கையை வெட்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதன் கணக்கு இதுதான்.

மழுங்குவதிலும் மூன்று விதம் உண்டு. முதலாவது, விளிம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து மடங்குவது. எஃகு எங்கும் போகவில்லை, நிமிர்த்தினால் போதும். கறிக்கடைக்காரர் இரண்டு வெட்டுக்கு ஒருமுறை கத்தியை நீளக் கம்பியில் இப்படியும் அப்படியும் உரசுவது இந்த நிமிர்த்தலுக்குத்தான். இரண்டாவது, விளிம்பு தேய்ந்து உருண்டுபோவது. எலுமிச்சை, மாங்காய், புளி போன்றவற்றின் புளிப்பு கத்தியிலேயே காய்ந்தால் இரும்புக் கத்தியின் விளிம்பை அதுவும் அரிக்கும். இதற்குத்தான் தீட்ட வேண்டும். மூன்றாவது, எலும்பிலோ தேங்காய் ஓட்டிலோ அடித்து விளிம்பில் பல் விழுவது. கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பல் விழுந்த கத்தியைக் கைச்சாணையில் போடாதீர்கள். அது சாணைச் சக்கரத்துக்கோ பட்டறைக்கோ போக வேண்டிய கத்தி.

உங்கள் கத்தி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க ஒரு சுலபமான வழி. கூர் மேல்நோக்கி இருக்கும்படி டியூப்லைட் அடியில் பிடித்து, மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கூராக இருக்கும் விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காது, கறுப்பாகவே தெரியும். மழுங்கிய இடம் வெள்ளை நூல் மாதிரி மின்னும். பெரும்பாலும் கத்தியின் வயிற்றுப் பகுதியில்தான் அந்த வெள்ளைக்கோடு தெரியும், ஏனென்றால் பலகையில் அதிகம் மோதுவது அந்த இடம்.

தீட்டுவது என்றால் கழிப்பது

திருப்புலிவனத்து ஈசனுக்கு வியாக்கிரபுரீஸ்வரர் என்று பெயர். புலிக்கால் முனிவர் என்கிற வியாக்கிரபாதர் வழிபட்ட தலம் என்பது ஐதிகம். வண்டு மொய்ப்பதற்கு முன்பே மரமேறிப் பூப்பறிக்க, புலியின் காலும் நகமும் வரமாகக் கேட்டு வாங்கியவர் அவர் என்பது கதை. அந்தப் புலி நகத்தில் கத்திக்கும் ஒரு பாடம் இருக்கிறது. புலி மரப்பட்டையைப் பிறாண்டும்போது நகத்தின் தேய்ந்த மேலுறை கழன்று விழும். அடியில் புதுக்கூர் தயாராக இருக்கும். கத்தி தீட்டுவதும் இப்படித்தான். கூர் என்று ஒன்றை வெளியிலிருந்து கொண்டுவந்து ஏற்றுவதில்லை. தேய்ந்த எஃகைக் கழித்துவிட்டு, உள்ளே இருப்பதை விளிம்பாக்குகிறோம்.

வித்தியாசம் ஒன்றே ஒன்று. புலிக்கு நகம் வளரும், கத்திக்கு வளராது. ஒவ்வொரு முறை தீட்டும்போதும் கத்தியின் அகலம் கொஞ்சம் குறைகிறது. பாட்டி காலத்துக் கத்தி ஈர்க்குச்சி மாதிரி மெலிந்து நிற்பதற்குக் காரணம் இதுதான். ஆகவே எந்தச் சாணையையும் எடைபோட ஒரு கேள்வி போதும்: வேண்டிய கூருக்கு எவ்வளவு எஃகைத் தின்கிறது?

கோணம்தான் கைவேலை

அந்தக் கழித்தல் ஒரே கோணத்தில் நடக்க வேண்டும். சாதாரணக் காய்கறிக் கத்திக்கு ஒவ்வொரு பக்கமும் சுமார் 20 டிகிரி. ஜப்பானிய வகை மெல்லிய கத்திகளுக்கு 15 டிகிரி வரை இறங்குவார்கள். கறி வெட்டும் கனத்த கத்திக்கு 25, 30 டிகிரி. கோணம் குறையக் குறைய வெட்டு சுலபமாகும், ஆனால் விளிம்பு மெலிந்து சீக்கிரம் மடங்கும். கோணம் கூடினால் விளிம்பு தாங்கும், வெட்டு கனமாகும்.

4.5 சென்டிமீட்டர் அகலமுள்ள கத்தியைக் கல்லில் 20 டிகிரியில் பிடிக்க வேண்டுமென்றால் அதன் முதுகு கல்லிலிருந்து ஏறக்குறைய 1.5 சென்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். அந்த உயரம் ஒவ்வொரு இழுப்பிலும் மாறாமல் இருக்க வேண்டும். ஒரு தேய்ப்பில் முதுகு தாழ்ந்து அடுத்ததில் தூக்கினால் விளிம்பு உருண்டுபோகும். அரைமணி நேரம் தேய்த்தும் கூர் ஏறவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் கல் இல்லை, ஆடுகிற மணிக்கட்டு. சாணை பிடிப்பவரின் அனுபவம் அவருடைய மணிக்கட்டில்தான் இருக்கிறது.

கைச்சாணை செய்கிற காரியம் இந்த மணிக்கட்டு வேலை. பிளவுக்குள் இரண்டு பட்டைகளோ குச்சிகளோ ‘V’ வடிவத்தில் குறுக்கே நிற்கும். கத்தியை நேராக நிறுத்தி இழுத்தால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஒரே கோணத்தில் உரசும். கோணத்தை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை, கத்தி சாயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கல்லில் தீட்டிப் பழக விரும்புகிறவர்கள் கோணத்துக்குக் காகிதத்தையே அளவாக வைத்துக்கொள்ளலாம். காகிதத்தின் மூலை 90 டிகிரி. ஒருமுறை மடித்தால் 45. இன்னொருமுறை மடித்தால் 22.5 டிகிரி. அந்த மடிப்பைக் கல்லின் ஓரத்தில் வைத்துக் கத்தியை அதன்மேல் சாய்த்துப் பார்த்தால், எவ்வளவு தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று கை தெரிந்துகொள்ளும்.

பிளவுக்குள் என்ன இருக்கிறது

எஃகைத் தேய்க்க எஃகைவிடக் கடினமான பொருள் வேண்டும். கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10. சமையலறைக் கத்தியின் எஃகு 6ஐ ஒட்டி நிற்கும். கருங்கல்லில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் மணிகளுக்கு 7. வாசற்படியில் தேய்த்தால் கூர் ஏறுவது அந்த மணிகளால்தான். பல்லாவரத்துச் சார்னோக்கைட் கருங்கல்லிலும் குவார்ட்ஸ் உண்டு. ஆனால் படிக்கல்லில் மணிகள் ஒரே அளவில் இருக்காது. கூர் ஏறும், கரடுமுரடாக ஏறும்.

7க்கு மேலே 9இல் இருப்பது குருந்தக்கல். அது நம் ஊர்ச் சரக்கு. நாமக்கல் பக்கம் பரமத்தியிலும், காங்கேயத்தை அடுத்த சிவன்மலைப் பகுதியிலும் கிடைப்பது. குருந்தத்தைப் பொடித்து அரக்கில் குழைத்துச் சக்கரமாக்கி, அதில் ரத்தினமும் ஆயுதமும் தீட்டியது இந்தியக் கைவினைஞர்களின் பழைய முறை. 1798இல் சார்லஸ் கிரெவில் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் இந்தக் கல்லைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். வேதியியலில் இது அலுமினியம் ஆக்சைடு. இன்றைய கைச்சாணையில் கடைசிப் பிளவில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் குச்சி பெரும்பாலும் இதே அலுமினியம் ஆக்சைடுதான். என்ன, மலையில் தோண்டியது இல்லை, ஆலையில் செய்தது.

செயற்கையாக முதலில் பெருமளவில் வந்தது சிலிக்கான் கார்பைடு. 1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் ஆச்சிசன் வைரம் செய்யப் பார்த்தபோது கிடைத்தது. கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். சென்னை முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954இல் தொடங்கியது. அரவைச் சக்கரம் முதல் உப்புத்தாள் வரை இன்றும் செய்கிறது. இரும்புச் சாமான் கடையில் கிடைக்கும், ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் வழவழப்புமான கருஞ்சாம்பல் நிறத் தீட்டுக்கல் பெரும்பாலும் சிலிக்கான் கார்பைடுதான்.

கைச்சாணையில் பொதுவாக மூன்று வகைப் பொருள் வரும். முதல் பிளவில் டங்ஸ்டன் கார்பைடு பட்டை. இது தேய்ப்பதில்லை, எஃகைச் சீவி எடுக்கும். ரொம்ப மொக்கையான கத்திக்கு மட்டும். நடுவில் வைரத்தூள் பூசிய பட்டையோ சக்கரமோ இருந்தால் அது நடுத்தர வேலைக்கு. கடைசிப் பிளவில் பீங்கான் குச்சி. வாரத்துக்கு ஒருமுறை நீங்கள் போக வேண்டியது இந்தக் கடைசிப் பிளவுக்கு. முதல் பிளவுக்கு வருடத்தில் ஒன்றிரண்டு முறை போனால் அதிகம். கத்தி சீக்கிரம் தீர்ந்துபோகிற வீடுகளில் நடப்பது இதன் தலைகீழ்.

தீட்டும் முறை

1. கத்தியைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு இழுத்தால் பட்டையில் அழுக்கு அடைத்துக்கொள்ளும்.

2. சாணையை ஆடாத மேடையில் வைத்து, இடதுகையால் கைப்பிடியை அழுத்திப் பிடியுங்கள். விரல்கள் பிளவின் கோட்டுக்கு வெளியே இருக்கட்டும். காற்றில் தூக்கிப் பிடித்துத் தீட்டக் கூடாது.

3. கத்தியின் அடிப்பகுதியைப் பிளவில் நேராக நிறுத்தி, நுனிவரை உங்கள் பக்கமாக ஒரே இழுப்பாக இழுங்கள். கத்தியின் கனமும் கொஞ்சம் கையும் போதும், அழுத்த வேண்டாம். ரம்பம் அறுப்பதுபோல் முன்னும் பின்னும் ஆட்டவே கூடாது. ஆட்டினால் விளிம்பு பிய்ந்து பல் விழும்.

4. சொரசொரப் பிளவு தேவைப்பட்டால் நாலைந்து இழுப்பு. அதன்பின் பீங்கான் பிளவில் ஏழெட்டு இழுப்பு, இன்னும் லேசான கையோடு.

5. தீட்டும்போது விளிம்பில் மெல்லிய பிசிறு எழும். கத்தியின் பக்கவாட்டில் கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி வெளியே தள்ளினால் அது விரலில் தட்டுப்படும். விளிம்பின் நீளவாக்கில் மட்டும் விரலை ஓட்டாதீர்கள். தீட்டல் விளிம்புவரை போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்குப் பிசிறு அடையாளம். அதை விட்டுவைத்தால் இரண்டு நாளில் மடங்கிக் கத்தி மறுபடி மொக்கையாகும். பிசிறை எடுத்துவிடுவது கடைசி லேசான இழுப்புகள்தான்.

6. ஈரத்துணியால் முதுகிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்து, கழுவிய பிறகே காய் நறுக்குங்கள். கண்ணுக்குத் தெரியாத எஃகுத் தூள் கத்தியில் ஒட்டியிருக்கும்.

சோதனைக்குச் செய்தித்தாள் போதும். தாளைத் தொங்கப் பிடித்து மேலிருந்து கத்தியை இறக்குங்கள். சத்தமில்லாமல் இறங்கினால் சரி. ஒரே இடத்தில் கிழித்துக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் பிசிறோ பல்லோ இருக்கிறது.

கைச்சாணையே இல்லாத நாளில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிவட்டத்தில் பளபளப்பு பூசாத சொரசொரப்பான வளையம் தெரியும். அதில் 20 டிகிரி சாய்த்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி நாலு இழுப்பு இழுத்தால் அன்றைய சமையல் நடக்கும்.

கைச்சாணையில் போடக் கூடாதவை

அரிவாள்மணை. கைச்சாணை என்பது கத்தி பிளவுக்குப் போகும் கருவி. அரிவாள்மணையில் அலகு மணையோடு நிற்பதால் சாணையைத்தான் அலகின்மேல் கொண்டுபோக வேண்டும். கை கூரை நோக்கிப் போகும், அது ஆபத்து. வளைந்த அலகில் பிளவும் சரியாக உட்காராது. மணையைக் காலால் நன்றாக அழுத்திக்கொண்டு, நீளமான தீட்டுக்கல்லை நனைத்து, அலகின் முதுகிலிருந்து விளிம்பை நோக்கி வெளிப்புறமாகத் தேய்ப்பதே நல்லது.

கதிர் அறுக்கும் கருக்கரிவாள். நெல் தாளில் சிலிக்கா மிகுதி, வழவழப்பும் உண்டு. வழுக்காமல் பிடித்து இழுத்து அறுக்கத்தான் அரிவாளில் கருக்கு வைத்திருக்கிறார்கள். கைச்சாணையில் போட்டால் அந்தப் பற்கள் வழித்துப்போய் வெறும் அரிவாளாகிவிடும். கருக்கு தேய்ந்தால் கொல்லுப்பட்டறையில் மறுபடி வெட்டித் தருவார்கள். அறுவடை இயந்திரம் வந்தபிறகு வயலில் இதற்கு வேலை குறைந்தாலும், மாட்டுக்குப் புல் அறுக்க இன்னும் இதுதான்.

கொடுவாளும் தேங்காய் வெட்டும் கத்தியும். அலகின் தடிமனே பிளவுக்குள் நுழையாது. நுழைந்தாலும் 20 டிகிரி கூர் ஓங்கிப் போடும் முதல் வெட்டிலேயே மடங்கும்.

கத்தரிக்கோல். அதன் ஒவ்வொரு அலகிலும் ஒரு பக்கம்தான் சரிவு, மறுபக்கம் தட்டை. இரண்டு பக்கமும் உரசும் கருவியில் போட்டால் அலகுகள் ஒன்றோடொன்று ஒட்டி உரசாது, துணி நடுவில் மாட்டிக்கொள்ளும். ரொட்டி வெட்டும் பல் வைத்த கத்திக்கும் இது ஆகாது.

சாணை பிடிப்பவருக்கு இன்னும் வேலை இருக்கிறது

கைச்சாணை வாங்கிய வீட்டிலும் வருடம் ஒருமுறை சாணை பிடிப்பவரைக் கூப்பிடுவது நல்லது. அதற்குக் காரணம் கருவியிலேயே இருக்கிறது. கைப்பிடியை ஒட்டிய கடைசி ஒரு சென்டிமீட்டர் கத்தி பிளவுக்குள் வராது. மற்ற இடம் தேயத் தேய அந்தத் துண்டு மட்டும் படியாக நின்றுவிடும். அப்போது கத்தியைப் பலகையில் வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரியும். வெண்டைக்காய் நறுக்கினால் துண்டுகள் அடியில் தோலோடு தொங்கிக்கொண்டே வரும். இதைச் சரிசெய்ய விளிம்பு முழுவதையும் ஒரு நேராக்க வேண்டும். அது சக்கர வேலை.

சைக்கிள் சாணையின் கணக்கும் சுவாரசியமானது. ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால், சங்கிலியின் பல்சக்கரக் கணக்கில் பின்சக்கரம் ஏறக்குறைய 150 முறை சுற்றும். அந்தப் பெரிய சக்கரத்திலிருந்து பட்டை ஒன்று அதில் பத்தில் ஒரு பங்கு குறுக்களவுள்ள சிறு உருளைக்கு ஓடினால், சாணைக்கல் நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றும். தீப்பொறி பறப்பது அதனால்தான். வேகம் இருந்தால் சூடும் இருக்கும். கார்பன் எஃகின் விளிம்பு 220 டிகிரி செல்சியஸ் அளவில் வைக்கோல் நிறத்துக்கும், 300ஐ ஒட்டி நீலத்துக்கும் போகும். நீலம் பாய்ந்த இடத்தில் கொல்லர் ஏற்றிய கடினம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அங்கே கூர் நிற்காது. நல்ல சாணைக்காரர் கத்தியைக் கல்லில் பிடித்துக்கொண்டே நிற்க மாட்டார். தொட்டுத் தொட்டு எடுப்பார், நடுவில் தண்ணீரில் நனைப்பார். மோட்டார் சாணையில் கொடுக்கும்போதும் இதைக் கவனியுங்கள். கைச்சாணையில் இந்தச் சூட்டுக்குப் பயமில்லை.

தீட்டுவதைவிடக் காப்பது மேல்

கத்தி சீக்கிரம் மழுங்குகிற வீட்டில் சாணையைக் குறைசொல்வதற்கு முன் எதன்மேல் வெட்டுகிறோம் என்று பாருங்கள். கிரானைட் மேடை, எவர்சில்வர் தட்டு, கண்ணாடிப் பலகை இவற்றில் மோதும் ஒவ்வொரு வெட்டும் விளிம்பை மடக்கும். மரப்பலகைதான் கத்திக்கு இதம். கறிக்கடையில் புளியமரக் கட்டையைப் போட்டிருப்பதில் காரணம் இருக்கிறது: ஓங்கிய வெட்டையும் தாங்கும், கூரையும் கெடுக்காது. நறுக்கிய காயைப் பலகையிலிருந்து வழிக்கும்போது கூரால் வழிக்காமல் கத்தியைத் திருப்பி முதுகால் வழித்தாலே பாதிக் கூர் மிஞ்சும். கரண்டிகளோடு கத்தியைப் போட்டு வைக்காதீர்கள். எலுமிச்சை நறுக்கினால் உடனே கழுவித் துடையுங்கள்.

வாங்கப் போகிறவர்கள் கடையில் மூன்று விஷயம் பார்த்தால் போதும்: அடியில் வழுக்காத ரப்பர் இருக்கிறதா, பீங்கான் பிளவு தனியாக இருக்கிறதா, பட்டை தேய்ந்தால் மாற்ற முடியுமா. பீங்கான் பிளவு இல்லாமல் டங்ஸ்டன் பட்டை மட்டும் உள்ளது எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். சாணையில் மிச்சம் பிடித்த பணத்தைக் கத்தியில் கொடுக்க வேண்டிவரும். மற்றபடி வேலையைப் பிரித்துக்கொள்வதே முறை. காய்கறிக் கத்திக்குக் கைச்சாணை, அரிவாள்மணைக்குத் தீட்டுக்கல், அரிவாளுக்கும் கொடுவாளுக்கும் பட்டறை, வளைந்துபோன விளிம்புக்குச் சைக்கிள்காரர்.